சங்கத்துச் சுண்டல்

அந்த ரஸ்க் பாக்கெட்டப் பிரிக்காதீங்க தம்பி. பிரிச்சுட்டீங்களா? சரி, ரெண்டோட நிறுத்திக்குங்க. கோவிச்சுக்காதீங்க. காலம் பூரா பி.டி. வாத்தியாரா இருந்துட்டு வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. காய்ச்சக்காரனுக்கு நல்லதுன்னு இதை வாங்கிக் குடுக்கிறாங்க, உள்ள இருக்கிறது பூரா மைதாவும் சீனியும்.

வயசு என்ன உங்களுக்கு? முப்பத்தாறா? அப்பாவுக்கு சுகர் உண்டா? உண்டா! அப்ப நீங்க இப்பவே பாத்துரணும். வெறும் வயித்துல ஒண்ணு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு. தள்ளிப் போடாதீங்க. அம்மாவுக்கு? தெரியாதா? சரி விடுங்க, மொதல்ல அப்பாவைக் கவனிங்க.

கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க, இவ கால் நீட்டிக்கட்டும். என் வீட்டுக்காரி, பூரணம். சன்னலோரம் உக்கார வச்சிருக்கேன், காத்து வரட்டும்னு. நீங்க பேசினா உங்க பக்கம் திரும்ப மாட்டா, தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணு தெரியாது. ரெண்டும்தான். காது நல்லாக் கேக்கும். மதுரைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறோம். இனிமே வர வேண்டாம்னுட்டாங்க.

நீங்க தூத்துக்குடி வரைக்குமா? நல்லது. நாங்க அருப்புக்கோட்டையில எறங்கிருவோம். என் பேரு தனுஷ்கோடி. எங்க ஊர்ல பஸ் ஸ்டாண்டுல நின்னு பி.டி. தனுஷ்கோடி வீடுன்னு கேட்டா ஆட்டோக்காரன் கேள்வி கேக்காம வண்டியை எடுப்பான். இப்ப எடுப்பானான்னு சொல்ல முடியாது. எனக்கு நடந்த அநியாயம் அப்படி. நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எனக்கு சுகர்னு தெரிஞ்சது பள்ளிக்கூட விளையாட்டு விழா அன்னிக்கு. விசில் ஊதிக்கிட்டிருந்தவன் மைதானத்துலயே சுருண்டு விழுந்துட்டேன். பிள்ளைங்க நான் ஏதோ புதுப் பயிற்சி காட்டுறேன்னு நெனச்சுச் சுத்தி நின்னு கை தட்டுச்சு. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் என்னையே உத்துப் பாத்தாரு. "வாத்தியாரே, இத்தனை நாள் இதோடதான் ஓடிக்கிட்டிருந்தீங்களா?"ன்னாரு. அன்னிக்கு முடிவு பண்ணினேன். இந்த நோய் என்னை என்ன செய்யுதுன்னு பாத்துருவோம்னு.

மறுநாள்ல இருந்து எனக்கு அரிசிச் சோறு கிடையாது. காலையில கம்பு, மத்தியானம் குதிரைவாலி, சாயங்காலம் வெளிச்சம் இருக்கிறப்பவே கேழ்வரகு அடை. காய் ரெண்டு வகை, கீரை கட்டாயம். ஒரு வேளை தவறினது இல்ல. பூரணமும் அலுத்துக்கிட்டதே இல்ல, அதைச் சொல்லணும். எனக்குத் தனிச் சமையல், மக செண்பகத்துக்குத் தனிச் சமையல். தனக்குன்னு எதுவும் வச்சுக்க மாட்டா. பழையது கிடக்கும், மக கடிச்சு வச்சிட்டுப் போன இட்லி கிடக்கும், அதுல முடிஞ்சிரும் இவளுக்கு. கலியாண வீட்டு லட்டு, கோயில் சக்கரைப் பொங்கல் எதையும் நான் தொட மாட்டேன். குப்பையில போடவா முடியும்? இவதான் தின்னு தீப்பா. நானே சொல்லுவேன், "உனக்கென்ன, குடுத்து வச்சவ, நல்லாத் தின்னு"ன்னு. இவளுக்குத்தான் சுகர் இல்லையே. இல்லைன்னுதானே இருந்தோம்.

ரிட்டயர் ஆனதும் சங்கம் ஆரம்பிச்சேன். சர்க்கரை வெல்வோம் சங்கம். பேரு நான் வச்சதுதான். மாசத்துல மொத ஞாயித்துக்கிழமை, காலையில, எங்க பள்ளிக்கூட ஹாலு. மொதக் கூட்டத்துக்கு வந்தவங்களை ஒரு பெஞ்சுல உக்கார வச்சிரலாம். ஒரு வருசத்துல ஹாலு நெறைஞ்சு வெளியில செருப்பு விட எடம் இல்ல. தறிக்காரங்க, மில்லுல வேலை பாத்து நின்னவங்க, கடைக்காரங்க, எல்லாரும் வருவாங்க. நான் பேச நின்னேன்னா ஒரு இருமல் சத்தம் கேக்காது. காலைப் பாருங்க, தெனம் கண்ணாடியைக் கீழ வச்சுப் பாதத்தைப் பாருங்கம்பேன். வருசத்துக்கு ஒருக்கா கண்ணுல சொட்டு மருந்து விட்டுப் பாத்துக்குங்க, வலிக்கும்னு காத்திருக்காதீங்க, இந்த நோய் வலிச்சுக்கிட்டு வராதுய்யா, சத்தம் போடாம வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிரும்பேன். சிலபேரு அழுதுருவாங்க.

சும்மா பேச்சு மட்டும்னு நெனச்சிராதீங்க. வெயிலுமுத்துன்னு ஒருத்தர், மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவரு. செருப்பைக் கழட்டச் சொல்லிப் பாத்தா, சுண்டுவிரல் கருத்துப் போயிருக்கு. அவருக்கு அதுல உணர்ச்சியே இல்ல. நான்தான் அவர் காலை என் மடியில தூக்கி வச்சுத் துடைச்சு, ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். விரலோட போச்சு, கால் தப்பிச்சிருச்சு. இன்னிக்கும் என்னைக் கண்டா எட்ட நின்னு கும்பிடுவாரு. இப்படி எத்தனை காலு! ஊர்க் காலையெல்லாம் என் மடியில வச்சுப் பாத்திருக்கேன் தம்பி.

கூட்டம் முடிஞ்சா சுண்டல். வெறும் பேச்சுன்னா எவன் வருவான்? கொண்டைக்கடலைச் சுண்டல், இல்ல பாசிப்பயறு. நல்ல புரதம். பூரணம் முந்தின நாளே பொறுக்கி ஊறப் போட்டுருவா. விடியறதுக்கு முன்ன வேக வச்சு, தாளிச்சு, பெரிய தூக்குச்சட்டியில தூக்கிக்கிட்டு எனக்குப் பின்னால நடந்து வருவா. எனக்குக் கையில சார்ட் இருக்கும், கிட்னி படம், கண்ணு படம். இவ பின் வராண்டாவுல நின்னு தொன்னையில போட்டு வைப்பா. உள்ள கூட்டம், வெளிய இவ. எல்லாரும் சொல்லுவாங்க, "சார் பேச்சும் அம்மா சுண்டலும்"னு.

மிஷின் ஒண்ணு வாங்கினோம், விரல்ல குத்திப் பாக்கிறது. அதுக்கு ஸ்டிரிப் போடணும், நன்கொடையில வாங்கினது. ஒரு தடவை கூட்டம் கலைஞ்சதுக்கு அப்புறம் நான் மிஷினைத் துடைச்சு வச்சுக்கிட்டிருக்கேன், இவ வந்து ஆள்காட்டி விரலை நீட்டுறா. "எனக்கும் ஒருக்காக் குத்திப் பாருங்களேன், தாகமா எடுக்குது"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது சங்கத்து ஸ்டிரிப். மெம்பருக்கு மட்டுந்தான். செயலாளர் வீட்டுக்குன்னு எடுத்தா நாளைக்கு எவனாவது பேசுவான்"னேன். அவ்வளவு சுத்தம் தம்பி நான். சங்கத்துப் பொருள்ல ஒரு துரும்பு வீட்டுக்குக் கொண்டுபோனது கிடையாது. அப்புறம் கடையில வாங்கிப் பாக்கலாம்னு சொன்னேன். சொன்னேன். இவளும் திரும்பக் கேக்கல.

கேக்கணுமில்ல? வேணும்னா வாயைத் திறந்து கேக்கணுமில்ல?

இந்தாங்க, தண்ணி குடிங்க. வேண்டாமா? பூரணம், தண்ணி வேணுமா? வேண்டாமாம்.

அதுக்கு அடுத்த வருசம்தான் டாக்டர் ரெஹானா வந்தது. மதுரையில பெரிய காலேஜ் டாக்டரம்மா. சின்ன வயசு. சிரிச்ச முகம். ஊரைச் சேந்தவங்களே ஊர்க்காரங்களுக்கு சுகரைப் பத்திச் சொல்லிக் குடுத்தா நோய் கட்டுப்படுதான்னு ஒரு ஆராய்ச்சி பண்ண வந்தாங்க. நாலஞ்சு ஊரு பாத்துட்டு எங்க சங்கத்தைப் பாத்ததும் இங்கேயே நின்னுட்டாங்க. "சார், நாங்க எழுதி வச்சிருக்கிறதையெல்லாம் நீங்க ஏற்கெனவே பண்ணிக்கிட்டிருக்கீங்க"ன்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும் நெனச்சுப் பாருங்க. பி.டி. வாத்தியாருன்னா ஸ்டாஃப் ரூம்ல ஒரு நாற்காலிகூட ஒழுங்காப் போட மாட்டாங்க தம்பி. என்னைப் போயி ஒரு ஆராய்ச்சி டாக்டர் சார் சார்ங்குது.

ரெண்டு வருசம் நடந்துச்சு. தெருத் தெருவா அவங்களோட நடந்தேன். இந்த வீட்டுல இவருக்கு சுகர், அந்த வீட்டுல அவருக்குன்னு நான்தான் சொல்லுவேன். ஒரு நாள் அந்தம்மா எங்க வீட்டுக்கே வந்துச்சு. பூரணம் மோர் குடுத்தா. குடுத்துட்டு அடுக்களைக்குப் போயி செம்புல தண்ணி மொண்டு குடிச்சா, திரும்ப வந்தா, திரும்பப் போயிக் குடிச்சா. டாக்டரம்மா என் பேச்சைக் கேக்காம இவளையே பாத்துக்கிட்டிருக்கு. "அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்திருக்கீங்களா சார்?"னு கேட்டுச்சு.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல மேடம். கல்லு மாதிரி இருக்கா"ன்னேன்.

"இளைச்சிருக்காங்களே."

"எங்க வீட்டுச் சாப்பாடு அப்படி மேடம். சிறுதானியம்"னேன்.

அந்தம்மா விடல. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில வெறும் வயித்தோட கூட்டிக்கிட்டு வாங்க, நானே பாக்கிறேன்னுச்சு. நானும் சரின்னுட்டேன். அப்புறம் பாத்தா அன்னிக்குத்தான் சங்கத்து ஆண்டு விழா! சேர்மன் வர்றாரு, அம்புட்டுப் பேருக்கும் சுண்டல் போக சாமைப் பொங்கலும் போடணும். இவ அடுப்பை விட்டு எப்படி வர முடியும்? "அடுத்த வாரம் பாத்துக்கிருவோம், என்னா?"ன்னு கேட்டேன். "சரிங்க"ன்னா. இவளே சொன்னதுதான். நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல. அடுத்த வாரம் நெசவாளர் காலனியில கூட்டம். அதுக்கு அடுத்த வாரம் என்னமோ. அதுக்குள்ள ஆராய்ச்சி முடிஞ்சு அவங்க கெளம்பிட்டாங்க. சங்கத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்துட்டுப் போனாங்க.

ஆராய்ச்சி அறிக்கை வந்துச்சு. இங்கிலீஷ் வாத்தியாரை விட்டுப் படிக்கச் சொன்னேன். தலையில இருந்து கால் வரைக்கும் படிச்சாரு. என் பேரு எங்கேயும் இல்ல. கடைசியில ஒத்துழைச்ச சமூக ஆதரவாளர்களுக்கு நன்றின்னு ஒரு வரி. நான் சமூக ஆதரவாளர்! அது போகட்டும். உள்ள ஒரு குறை வேற எழுதியிருக்காங்க. கூட்டத்துக்கு வந்த ஆம்பளைங்களுக்கு சுகர் நல்லாக் குறைஞ்சிருக்காம். ஆனா வீட்டுப் பொம்பளைங்களைச் சங்கம் எட்டவே இல்லையாம். அவங்களுக்கு யாரும் பரிசோதனையே பண்ணலையாம். நியாயமா இது? ஒரு கூட்டம் பாக்கி இல்லாம எங்க வீட்டுப் பொம்பளை வந்தாளே! பின் வராண்டாவுல நின்னாளே! அது கணக்கு இல்லையா?

கோவத்துல போன் போட்டேன் டாக்டரம்மாவுக்கு. "ஏன் மேடம் என் பேரை விட்டீங்க?"ன்னேன். ஆராய்ச்சியில யார் பேரும் போடக் கூடாது சார், அது விதின்னாங்க. சொல்லிட்டு, "சார், அம்மா டெஸ்ட் எடுத்தாங்களா?"ன்னு கேக்குது. பாருங்க தம்பி, நான் எதுக்குப் போன் பண்ணியிருக்கேன், அவங்க எதைக் கேக்குறாங்க! பேச்சை மாத்துறாங்கன்னு எனக்குத் தெரியாதா? வச்சிட்டேன்.

இது ஒரு அநியாயம். இன்னொண்ணு ஊருக்குள்ளயே நடந்துச்சு.

கோதண்டம்னு ஒருத்தர். கரண்டு ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. சங்கத்துல நான்தான் சேத்தேன். சேந்த நாள்ல இருந்து என் நாற்காலி மேலதான் கண்ணு. தீபாவளி கழிஞ்ச கூட்டம். பண்டிகையில எல்லாரும் இனிப்பைத் தின்னு சுகரை ஏத்திக்கிட்டு வந்திருப்பாங்க, அதனால அன்னிக்குப் பேச்சைக் கொஞ்சம் காட்டமா வச்சிருந்தேன். கண்ணைப் பத்தி. விழித்திரையில ரத்தம் எப்படிக் கசியும், பார்வை எப்படி மங்கும்னு படம் போட்டுச் சொன்னேன். கை தட்டினாங்க. சுண்டல் வந்துச்சு. கோதண்டம் ஒரு வாய் போட்டாரு. நறுக்குன்னு ஒரு சத்தம். ஹாலு பூராக் கேட்டுச்சு. துப்புறாரு, ரத்தம், பாதிப் பல்லு, கூடவே ஒரு கல்லு. கடலை அளவு கல்லு தம்பி! குருடனுக்குக்கூடத் தட்டுப்படும்.

எனக்கு மானம் போச்சு. உள்ள இருந்தே கத்தினேன். "பூரணம்! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" எல்லாரும் சிரிச்சாங்க. வேற ஒருத்தன் தன் தொன்னையில இருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டுறான். இன்னொருத்தன் உப்பே இல்லைங்கிறான், அவனுக்குப் பக்கத்துல இருக்கிறவன் உப்புக் கரிக்குதுங்கிறான். "போயி எல்லாத்தையும் வாங்கிக் கொட்டு"ன்னேன். இவ உள்ள வந்தா. ஒவ்வொரு பெஞ்சுக்கும் போயி தொன்னையை வாங்குறா. வாங்குறாளா? தடவுறா. கீழ வச்சிருந்த தொன்னையை முட்டி போட்டு, தரையைத் தடவித் தடவி எடுக்கிறா. ஒரு ஆளோட செருப்பைத் தொட்டுட்டு அதைத் தூக்கப் பாக்குறா. எனக்கு உடம்பு பூரா எரியுது. வேணும்னே மெதுவாச் செய்யுறா, திட்டினதுக்கு என்னை நாலு பேர் முன்ன அசிங்கப்படுத்துறான்னு நெனச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க. நெனச்சிருக்க மாட்டீங்களா?

அடுத்த கூட்டத்துல கோதண்டம் எந்திரிச்சு, சங்கத்துக்குப் பொறுப்பான ஆள் வேணும்னாரு. கை தூக்கச் சொன்னாங்க. வெயிலுமுத்து மட்டும் எனக்குத் தூக்குனாரு. நான் ஆரம்பிச்ச சங்கம் தம்பி. பேரு நான் வச்சது. ஒரு சுண்டலுக்காக என்னை எறக்கி விட்டுட்டாங்க. இவளைக் குறை சொல்றேன்னு நெனைக்காதீங்க. ஆனா இவ மட்டும் அன்னிக்கு, "எனக்குக் கல்லு தெரியல, வேற யாரையாவது பொறுக்கச் சொல்லுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? பக்கத்து வீட்டுல குடுத்துப் பொறுக்கியிருக்க மாட்டேனா?

வலையங்குளம் தாண்டியாச்சு போல. பூரணம், வெயில் அடிக்குதா மூஞ்சியில? கர்ட்டனை இழுத்து விடட்டா? பேச மாட்டா. அசதி.

பொங்கலுக்கு மக வந்தா ஓசூர்ல இருந்து. வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டா. வாசல்ல இவ கோலம் போட்டுக்கிட்டிருந்தாளாம், கோடு ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்லையாம். அப்புறம் காபி ஆத்துறப்ப டம்ளர்ல ஊத்தாம தன் கையில ஊத்திக்கிட்டா. ஊத்திக்கிட்டு, சூடு தெரியாம அப்படியே நிக்கிறா. செண்பகம் கத்தின கத்துல தெருவே வந்துருச்சு. சங்கத்து மிஷினை நான் திருப்பிக் குடுத்துட்டதால மருந்துக் கடைக்கு ஓடி ஒண்ணு வாங்கிட்டு வந்து குத்தினா. நம்பரே வரல. அளவுக்கு மேலன்னு மட்டும் காட்டுச்சு. எனக்கு நம்ப முடியல. மிஷின் கெட்டுப் போச்சுன்னேன். செண்பகம் என் விரலைப் பிடிச்சுக் குத்தினா. எனக்கு நூத்திப் பதினெட்டு. மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல.

மதுரைக்குக் கொண்டுபோனோம். வலது கண்ணுல உள்ள பூரா ரத்தமாம். இடதுல தெரை கிழிஞ்சு தொங்குதாம். பாதத்துல ஒரு புண்ணு, அது பாட்டுக்கு இருந்திருக்கு. கிட்னியும் பாதிதான் வேலை செய்யுதுன்னாங்க. பல வருசமா இருந்திருக்கும்னாங்க. வீட்டுக்குள்ள பல வருசமா இருந்திருக்கு தம்பி, எனக்குத் தெரியாம! வலது கண்ணை ஆபரேசன் பண்ணினாங்க, தேறல.

அன்னிக்கு ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல நின்னு மக கேட்டா. "ஊர்ல இருக்கிறவன் காலையெல்லாம் மடியில வச்சுப் பாத்தீங்களேப்பா, அம்மா காலை ஒருநாள் பாத்தீங்களா?" ஒரு மக தகப்பனைக் கேக்குற கேள்வியா இது? "அவ என்ன சின்னப் பிள்ளையா? வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்"னேன். அதோட என்கிட்டப் பேச்சை நிறுத்திட்டா. போன் பண்ணினா அம்மாகிட்டக் குடுங்கன்னு சொல்றதோட சரி. நான் குடுத்துட்டுத் தள்ளிப் போயிருவேன்.

நான் இவளைக் கவனிக்காம விட்டுட்டேன்னு மட்டும் யாரும் சொல்ல முடியாது. ஊசி நான்தான் போடுறேன், கை நடுங்காமப் போடுவேன். குளிப்பாட்டி விடுறேன். தலை சீவி விடுறேன், கோணலா வரும், இவ தடவிப் பாத்துட்டு விட்டுருவா. குதிரைவாலி பொங்குறேன். எனக்கு உப்பு மட்டு தெரியல. இவ அதையும் சாப்பிட்டுருவா. சில சமயம் எதுக்க உக்காந்து இவ சாப்பிடுறதைப் பாத்துக்கிட்டே இருப்பேன். இத்தனை வருசத்துல இவ சாப்பிட்டு நான் பாத்ததே இல்லைன்னு அப்பத்தான் தோணுச்சு. நான் சாப்பிட்டு எந்திரிச்சப்புறம்தானே இவ உக்காருவா. பருக்கை சிந்தும். கையால தடவி எடுத்து ஓரமா வைப்பா. எந்திரிச்சுப் போயி அடுப்பைத் துடைப்பேன்.

இன்னிக்கு இடது கண்ணுக்காகத்தான் வந்தோம். பெரிய டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்தாரு. "வெளிச்சம் தெரியுதாம்மா?"ன்னாரு. இவ, "எந்தப் பக்கம் அடிக்கிறீக?"ன்னு கேட்டா. அவரு டார்ச்சை அணைச்சுட்டாரு. லேசர் வைக்கலாமா, கண்ணுக்குள்ள ஊசி போடலாமான்னு நான் கேட்டேன். எனக்கு எல்லாம் தெரியுமில்ல. "எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு சார். அது போயிருச்சு"ன்னாரு. கிட்னிக்கு வேற சீக்கிரம் டயாலிசிஸ் வேண்டியிருக்கும், மனசைத் தயார் பண்ணிக்குங்கன்னாரு.

அப்பத்தான் இவ வாயைத் திறந்தா. "எப்ப வந்திருக்கணும் சார்?"

டாக்டர் என்னைப் பாத்தாரு. "இப்ப எதுக்கும்மா அது?"ன்னாரு.

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"மொதமொதல்ல மங்கலாத் தெரிஞ்சுதில்ல, அப்ப வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்மா."

இவ தலையை ஆட்டினா. "அப்பச் சொன்னேன் சார். இவுக கூட்டத்துக்கு நேரமாச்சுன்னு போயிட்டாக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. டாக்டர் முன்னாடி, நர்ஸ் முன்னாடி, வெளிய வரிசையில நிக்கிற சனம் முன்னாடி! எப்பச் சொன்னா? எனக்கு ஞாபகமே இல்ல தம்பி. அப்படியே சொல்லியிருந்தாலும், நான் சார்ட்டைச் சுருட்டிக்கிட்டுச் செருப்பு மாட்டுற நேரத்துல வந்து சொன்னா, அது சொன்னதாகுமா? உக்கார வச்சு, இந்த மாதிரி இந்த மாதிரின்னு எடுத்துச் சொல்லணுமில்ல? நான் ஊருக்கு எப்படி எடுத்துச் சொல்றேன்!

வெளிய வந்து மரத்தடியில உக்காந்தோம். இவ, "வீட்டுக்குப் போவோம். இனிமே எங்கேயும் கூட்டிக்கிட்டு அலையாதீக. அந்த மிஷின்ல ரத்தம் மாத்துறதும் எனக்கு வேண்டாம்"னா. "அப்படிச் சொல்லக் கூடாது பூரணம், தைரியமா இருக்கணும்"னேன். நான் எத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவன். இவளுக்கு மட்டும் ஏற மாட்டேங்குது.

ஆனா ஒண்ணு தம்பி, ஆண்டவன் ஒரு கதவைத் திறந்து விட்டிருக்கான். போன வாரம் கோதண்டமே வீடு தேடி வந்தாரு. சென்னையில இருந்து புதுசா ஒரு அமைப்பு வருதாம், எங்க ஊர்ல பெரிய முகாம் போடுறாங்களாம், இந்த ஞாயித்துக்கிழமை. ஆராய்ச்சி, படிப்பு எல்லாம் இந்தத் தடவை பொம்பளைங்களுக்காகவாம். நோய் முத்திப் போன ஒருத்தர் மேடையில உக்காந்து நாலு வார்த்தை பேசினா சனம் பயந்து டெஸ்ட் எடுக்க வரும்னு அவங்க கேட்டிருக்காங்க. "உங்க வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க சார். நீங்களும் மேடையில இருங்க. உங்களைத்தானே எல்லாருக்கும் தெரியும்"னாரு. பல்லு கட்டியிருக்காரு, பேச்சு கொஞ்சம் விசிலடிக்குது. நான் உடனே ஒத்துக்கிட்டேன். பழையபடி நம்மளைக் கூப்பிடுறாங்கள்ல. ஒரு நல்ல காரியத்துக்குத்தானே?

இவ பேச வேண்டியதை நானே தயார் பண்ணிட்டேன். பெருசா ஒண்ணும் இல்ல. "நான் என் உடம்பைக் கவனிக்காம விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அதனால கண்ணு போச்சு. நீங்க அப்படி இருக்காதீங்க." அவ்வளவுதான். மரத்தடியில வச்சு ஒருக்காச் சொல்லிக் காட்டினேன். பேசாமக் கேட்டுக்கிட்டிருந்தா. எனக்கு ஒரு நிம்மதி. மாட்டேன்னுருவாளோன்னு பயந்துக்கிட்டிருந்தேன்.

பஸ் ஏறி உக்காந்தப்புறம் இவளா ஒண்ணு கேட்டா. நீங்க ஏறுறதுக்குக் கொஞ்சம் முன்ன. "ஏங்க, மைக்கை என் கையில குடுப்பாகளா?"ன்னா. முகத்துல ஒரு தெளிச்சி. ரொம்ப நாளாச்சு அப்படிப் பாத்து. எதையோ மனசுக்குள்ள சேத்து வச்சிருக்கிற மாதிரி, உதடு லேசா அசையுது.

எனக்குச் சந்தோசமாப் போச்சு. அட, இவளுக்கும் ஆர்வம் வந்துருச்சேன்னு. "உனக்கு எதுக்கு அந்தச் செரமம்? எங்க வச்சுப் பேசணும்னு உனக்குத் தெரியாது, கண்ணும் இல்ல. பக்கத்துல நின்னு நானே பிடிச்சுக்கிறேன். தப்பா ஏதாவது வந்தா உடனே நான் வாங்கிப் பேசிருவேன், நீ பயப்படாத"ன்னேன்.

சரின்னுகூடச் சொல்லல. சன்னல் பக்கம் திரும்பினவதான். காரியாபட்டி வரப் போகுது, இன்னும் அப்படியேதான் உக்காந்திருக்கா.